எழுநூறு ரூபாய் டிஸ்பிளே

எழுநூறு ரூபாய்க்கு வாங்கி, காரில் புதிதாகச் செருகியிருந்த, ஓடிய வேகத்தைப் பதிந்து காட்டும் டிஸ்பிளேயைப் பார்த்துக் கொதித்தார் பீட்டர்ராஜ்.

"நேத்து நீங்க ரெண்டு பேரும் பூசைக்குப் போறப்ப நூத்திப் பதினெட்டுல பறந்திருக்கு வண்டி! ஏ பெனிட்டா, லைசென்ஸ் எடுத்து ஒரு மாசம்கூட ஆகல!"

மகள் அம்மாவைப் பார்த்தாள். மனைவி ரோஸ்லின் அவசரமாகக் குறுக்கே வந்தாள்.

"புள்ளய ஏங்க திட்டுறீக? மெக்கானிக்கக் கேளுங்க."

வண்டியைப் பார்க்க வந்திருந்த மெக்கானிக் கார்த்திக்ராஜ் சிரித்தார். "மலிவுச் சாமான்ண்ணே. இஷ்டத்துக்கு நம்பர் காட்டும்."

"வாங்குனதே தண்டம்!" என்று அதைப் பிடுங்கி வீசிவிட்டுப் போனார் பீட்டர்ராஜ். ரோஸ்லினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பெனிட்டா அவள் காதருகே குனிந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையாவது சீக்கிரம் கெளம்பும்மா. நீ ஓட்டுன ஓட்டுல, ஆண்டிபட்டி வர்றதுக்குள்ள நான் முழு ஜெபமாலையும் சொல்லி முடிச்சிட்டேன்."