பேராசிரியர் ஐயாத்துரையின் கருத்து

அறிஞர் ஒருவரின் மேற்கோள் இல்லாத கட்டுரைக்குத் தயாபரன் சேர் பத்துப் புள்ளியை வெட்டிவிடுவார். புவியியல் தவணைப் பரீட்சையில் கௌசலாவுக்கு ஓர் அறிஞரின் பெயரும் ஞாபகம் வரவில்லை. வீட்டில் நாள் முழுக்கக் கூப்பிடுகிற பெயர்தான் வந்தது. "காடு அழிந்தால் கடிக்க ஓர் இலையும் மிஞ்சாது என்கிறார் பேராசிரியர் ஐயாத்துரை" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

விடைத்தாள் திருத்தி வந்த அன்று சேர் அவளை எழும்பச் சொன்னார்.

"ஐயாத்துரையை உமக்கு எப்பிடித் தெரியும்?"

கௌசலா இழுத்தாள். "விசுவமடுவில... எங்கட வீட்டடியிலதான் சேர் இருக்கிறார்."

"அங்கயோ இருக்கிறார்!" சேர் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "கம்பஸில நான் அவரிட்டத்தான் படிச்சனான். லேசில வாய் திறக்கமாட்டார். திறந்தா முத்துத்தான். அந்தத் தாடி இன்னும் இருக்கோ பிள்ளை?"

"ஓம் சேர், இருக்கு."

"பரிசளிப்பு விழாவுக்கு அவரைக் கூப்பிடுவம். பெரிய பூமாலையாப் போடவேணும்."

"ஐயோ, மாலை மட்டும் வேண்டாம் சேர்!"

"பாத்தியளோ, மனுசன்ர எளிமையை!" உருகிப்போன சேர் இன்னும் ஐந்து புள்ளியைக் கூட்டிப் போட்டார்.

பின்னேரம் கௌசலா வீட்டுப் படலையைத் திறக்கும்போதே அம்மா கத்தினார்.

"அடியே, உன்ர ஐயாத்துரைக் கிடாய் கயித்தை அறுத்துக்கொண்டு போய், பக்கத்து வளவுக் கத்தரிக்கண்டு முழுக்கத் திண்டுபோட்டுது!"

கௌசலா புத்தகப் பையை எறிந்துவிட்டு, பேராசிரியரைப் பிடித்துக் கட்ட ஓடினாள்.