மனுதாரர் ஆஜராகவில்லை

"இன்னைக்குக் கூட்டம் இங்கேயே நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வழக்கறிஞர் சங்கத் தலைவர் மாடிப்படியின் அடியில் கிடந்த காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

மேலே சங்க மண்டபத்தில் காத்திருந்த உறுப்பினர்கள் கைப்பிடிச் சுவருக்கு வெளியே வரிசையாகத் தலையை நீட்டினார்கள்.

படியடியில் சக்கர நாற்காலியில் இருந்த பெண் வழக்கறிஞருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

சங்கத்தில் அவளுக்குக் 'கீழ்க்கோர்ட்டு' என்று பெயர். மண்டபம், நூலகம், தேநீர், வம்பு எல்லாம் மாடியில். கீழே அவளும் கேரம் அறையும்தான்.

நூலகத்தைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று அவள் தீர்மானம் கொடுப்பாள். மேலே மண்டபத்தில் அவள் பெயரைக் கூப்பிடுவார்கள். "இருக்கேன், இருக்கேன்!" என்று கீழேயிருந்து தொண்டை கிழியக் கத்துவாள்.

தொழில் புத்தி எங்கே போகும்? 'மனுதாரர் ஆஜராகவில்லை' என்று தள்ளுபடி செய்துவிடுவார்கள். இப்படி மூன்று முறை ஆயிற்று.

சங்கத்துக்கு மனசில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 'எல்லோரும் நம்மவரே' என்று மண்டபத்தில் பெரிய பேனர் தொங்குவதாகக் கேள்வி. போன வருடம் பன்முகத்தன்மை விருதைக்கூட அவளுக்குத்தான் கொடுத்தார்கள். மேலே கைதட்டல் பலமாகக் கேட்டது. அரைமணி கழித்து டீக்காரர் காலி டம்ளர்களோடு விருதையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"தூக்கிட்டுப் போறோம், மேடம்" என்று சிலர் முன்வந்ததும் உண்டு. "நான் என்ன கேஸ் கட்டா?" என்று கேட்டாள். அத்தோடு விட்டுவிட்டார்கள்.

புத்தகம் வேண்டுமென்றால் ஜன்னலைப் பார்த்துக் கூவ வேண்டும். கயிற்றில் கட்டிய கூடையில் ஏதோ ஒன்று இறங்கும். சென்ற மாதம் ஒரு பாகப்பிரிவினை வழக்கில் நீதிபதியின் முன் புத்தகத்தைக் கம்பீரமாகப் பிரித்தாள். உள்ளே எல்லாம் லாரி மோதிய தீர்ப்புகள். கட்சிக்காரர் கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு வக்கீலிடம் போய்விட்டார். இப்படியே போனால் கறுப்பு அங்கியை மடித்துப் பீரோவில் வைக்க வேண்டியதுதான்.

அந்தப் படியடிக்குத்தான் இன்று மேல்கோர்ட்டே இறங்கி வந்திருந்தது.

"மண்டபத்துலதான் கூட்டம் நடக்கணும்னு விதி இருக்கு" என்றார், விதிகளை மனப்பாடமாக வைத்திருக்கும் செயலாளர்.

"மண்டபத்துக்குப் போற படி, மண்டபத்தைச் சேர்ந்ததா இல்லையா?" என்றார் தலைவர்.

சிவில் வக்கீல்கள் இரண்டு பேருக்கு அது போதும். படியிலேயே உட்கார்ந்து பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்கள். படி என்பது மண்டபத்தின் பிரிக்க முடியாத அங்கமே என்று கடைசியில் முடிவாயிற்று. தோற்றவர் மேல்முறையீட்டு உரிமையைப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

அடுத்தது 'குதிரை' கனைத்தார். வரும் தேர்தலில் தலைவரை எதிர்த்து நிற்பவர். படிகளை மும்மூன்றாகத் தாவி ஏறுவதும், "பெரியவருக்கு ஓய்வு கொடுங்க" என்பதும்தான் அவருடைய மொத்தப் பிரசாரமும்.

"எழுந்து நின்னு பேசறதுதானே மரபு, தலைவரே?"

"தங்கச்சி உட்கார்ந்திருக்கா. அண்ணன் நெட்டையா நின்னு பேசறதா? அதுக்குப் பேரு சமத்துவமா?"

கூட்டம் உருகிவிட்டது. ஜாமீன் வழக்குகளில் மட்டுமே அழும் மூத்தவர் ஒருவர் கர்ச்சீப்பை எடுத்தார். குதிரையும் வேறு வழியில்லாமல் படியில் உட்கார்ந்தது.

தீர்மானத்தைத் தலைவரே முன்மொழிந்தார். நூலகம் கீழே, கேரம் மேலே.

"மேலே காத்து ஜோரா வரும், காய் நல்லா வழுக்கும்" என்று கேரம்காரர்களுக்கும் ஒரு வழி சொன்னார்.

அவள் கேட்டது நூலகம் ஒன்றைத்தான். தலைவர் கொசுறாகக் கழிவறையையும் சேர்த்தார். தலைவரின் அறையையும் சேர்த்தார். இனி எல்லாக் கூட்டமும் கீழேதான் என்றார். தேர்தல் வாக்குப்பதிவும் கீழேதான் என்றபோது அவளுக்குச் சுருக்கென்றது.

அவள் அப்பா பாத்திரக் கடை வைத்திருந்தவர். சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு, மேற்கொண்டு ஒரு தட்டும் எடுத்துக்கொள்கிற ஆள் வந்தால், அந்த ஆள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்ப்பார். நல்லவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஆனால் யாரும் பேரம் பேசாமல் நல்லவரானதை அவர் பார்த்ததில்லை.

மகளும் தலைவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள். சங்கத்தில் அவள் போட்ட முதல் வாக்கு.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மேல்முறையீட்டுக்காரர்கூடக் கை தூக்கினார்.

"டீ ரெடி!" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. கூட்டம் திடுதிடுவென்று மேலே ஏறியது. குதிரை பாதிப் படியில் நின்று திரும்பியது.

"தலைவர் வரலையா?"

"தங்கச்சியைத் தனியா விட்டுட்டு எனக்கு டீ இறங்குமா? நீங்க போங்கப்பா. ஒண்ணு கீழே அனுப்புங்க, போதும்."

மேலே மறுபடியும் ஒரு கைதட்டல்.

கடைசிச் செருப்புச் சத்தமும் அடங்கும்வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு நாற்காலியை ஸ்டூலுக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"எந்த முட்டிண்ணே?"

தலைவர் மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

"ரெண்டும், தங்கச்சி."