ஓட ஓட ஏறும் சார்ஜ்

கேரவன் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது.

ஃப்ரிட்ஜ் செத்துக் கிடந்தது. மீன் நீர்விட்டு, பால் திரிந்து, இரண்டும் கலந்து தட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் வாளியை எடுத்துவந்தாள்.

“காலையிலேர்ந்து ஓட்டியிருக்கேன், ஒரு பொட்டு சார்ஜ் ஏறலையே!” என்று கணவர் பேட்டரியைப் பார்த்துக் கத்தினார்.

முதல் நாள் ஒயர் சொத்தை என்றார். மாற்றினார். மறுநாள் பேட்டரியே சொத்தை என்றார். அதையும் மாற்றினார். கார் இழுக்க இழுக்கப் பின்னால் கேரவன் பேட்டரி தானாக நிறையும், ஃப்ரிட்ஜும் ஃபேனும் ஜம்மென்று ஓடும் என்று விற்றவன் அளந்ததை வேதவாக்காக எடுத்துக்கொண்ட மனுஷர்.

ரிட்டயர் ஆன கையோடு இந்தக் கேரவனை வாங்கிவந்தார். இந்தப் பயணம் நல்லபடியாக முடிந்தால் வீட்டை விற்றுவிட்டு இதிலேயே காலத்தை ஓட்டுவதாக முடிவு. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார அவளுக்கென்று ஓர் அறை இருந்தது. இங்கே அவர் வெட்டும் கால்நகம் சோற்றுப் பானை பக்கத்தில் வந்து விழுந்தது. கக்கூஸ் தொட்டியைக் கொட்டிக் கழுவுவது அவள் பங்கு. சீ, இதுவும் ஒரு பிழைப்பா?

வண்டி நின்றதும் முதலில் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பதும், கிளம்பும்போது கல்லை எடுத்து, காருக்கும் கேரவனுக்கும் நடுவே உள்ள பிளக்குகளைச் சரிபார்த்து, ‘ரைட்’ சொல்வதும்கூட அவள்தான்.

அவர் போய்ப் பிளக்குகளை ஆட்டிப் பார்த்தார். விளக்குக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. இரண்டுமே இறுக்கமாகத்தான் இருந்தன.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மீனை வெறுங்கையால் வழித்து வாளியில் போட்டாள். கொழகொழவென்று விரலிடுக்கில் ஒழுகியது. எட்டிப் பார்த்தவர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

அப்புறம் வாயைத் துடைத்துக்கொண்டு புரோக்கருக்குப் போன் போட்டார்.

“வீடு விக்கிறதா இல்லைங்க. இந்தச் சனியனை வாங்க ஆள் இருந்தா சொல்லுங்க.”

அவள் வாளியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

ஊர் திரும்பக் காரைக் கிளப்பினார். அவள் பின்னால் போய்க் கல்லை எடுத்தாள். கையை முகர்ந்து பார்த்தாள். சோப்புப் போட்டும் நாற்றம் போகவில்லை. போகட்டும்.

விளக்குப் பிளக்கை அழுத்திவிட்டாள். பேட்டரிப் பிளக்கை, இந்த மூன்று நாளும் செய்ததுபோலவே, உருவி இழுவைக் கம்பி இடுக்கில் செருகினாள். வண்டி நின்றதும் கல் வைக்கிற சாக்கில் திரும்ப மாட்டிவிடுவாள். வீடு போய்ச் சேர்வதற்குள் மனுஷர் மனசு மாறித் தொலைத்தால்?

“ரைட்!” என்று குரல் கொடுத்தாள்.