கொடியின் தலை

கதிரேசன் குழியை மூடிவிட்டான்.

தமிழினிக்குத் திக்கென்றது. மண்ணைக் காலால் தள்ளி, மிதித்து, மேலே கொஞ்சம் சருகையும் இழுத்துப் போட்டான். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தான், ஒன்றைத் தவிர.

கொடியின் தலையை உள்ளே வைக்கவில்லை.

பெண் பார்க்க மாடம்பாக்கத்திலிருந்து வந்தவனைப் புதர்க்காட்டுக்கு இழுத்து வந்தது அவளுடைய மோகன்ராஜ் மாமாதான். "கேசரி, பஜ்ஜியெல்லாம் டவுன்காரங்களுக்கு, மாப்ள. நாம இருளரு. பொண்ணு வோணும்னா மொதல்ல கெழங்கு தோண்டிக் குடு" என்று சிரித்துக்கொண்டே கடப்பாரையைக் கையில் திணித்துவிட்டார்.

தாம்பரத்தில் ஏசி மெக்கானிக் அவன். இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி வேலமரத்தில் மாட்டிவிட்டு இறங்கினான்.

முக்கால் மணி நேரத்தில் கை நீளக் கிழங்கு, நுனிகூட ஒடியாமல் மேலே வந்தது.

மாமா அதைத் தோளில் சாய்த்து செல்ஃபி எடுத்து, அங்கிருந்தே தன் அக்காவுக்கு, தமிழினியின் அம்மாவுக்கு, அனுப்பினார். "யக்கா, பையன் பாஸு!"

தமிழினி கிழங்கைப் பார்க்கவில்லை. கிழங்கு எடுக்க யாருக்கும் வரும். எடுத்த பிறகு கொடி ஒட்டியிருக்கும் தலையை அறுத்துக் குழியிலேயே வைக்கிறானா என்றுதான் பார்த்தாள். வைத்தால் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கை தானாகச் செய்யும்.

மதியச் சாப்பாட்டுக்குள் பதில் சொல்வதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாள். காலையில் வந்து இறங்கியவன் பதற்றத்தில் ஹெல்மெட் வாரைக் கழற்ற முடியாமல் அதோடேயே வணக்கம் சொன்னபோது, பாதிப் பதில் தயாராகிவிட்டது.

இப்போது அந்தப் பாதியும் ஆடியது.

ஏனென்றால், அறுத்த தலையை அவன் கைக்குட்டையில் சுற்றிப் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். கைப்பிடி அளவுத் தலை. அதையும்கூட மண்ணுக்கு விட மனசு வராதா ஒருத்தனுக்கு?

வீடு வரும்வரை அவளுக்கும் சேர்த்து மாமாவே பேசினார், கூடுவாஞ்சேரி ஸ்டேஷன்வரை கேட்கும்படி.

அம்மா கிழங்கை அடுப்பில் ஏற்றினாள். இலை போட ஆள் எண்ணினால் மாப்பிள்ளையைக் காணோம்.

தமிழினி பின்பக்கம் போனாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தி, விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். அருகில் பிரித்த கைக்குட்டை.

"இன்னா பண்றீங்க?"

அவன் துள்ளி எழுந்தான். "இல்லங்க... அங்கயேதான் வச்சிருப்பேன். குழியாண்டயே மஞ்ச பெயிண்ட் அடிச்சு, நம்பர் போட்டு கல்லு நட்டுகீறாங்க. நீங்க பாக்கல? ப்ளாட்டு. பொங்கல் முடிஞ்சா ஜேசிபி வந்துரும். அதான், இங்க வச்சா பொழச்சுக்கும்னு..."

அவள் பார்க்கவில்லை. அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கல் எங்கே கண்ணில் படும்?

உள்ளிருந்து மாமா குரல் கொடுத்தார். "கெழங்கு வெந்துபோச்சு. நீங்க ரெண்டு பேரும் இன்னும் வேகலியா?"

தமிழினி குனிந்து அந்தத் தலையை எடுத்தாள். அறுத்த இடத்தில் இன்னும் ஈரம் இருந்தது. கைக்குட்டையை உதறி, அதில் வைத்து, நான்கு முனையையும் இழுத்து முடிச்சுப் போட்டு அவனிடமே நீட்டினாள்.

"இங்க வாணாம்."

கதிரேசனின் முகம் வாடிவிட்டது. மண் படிந்த கையைப் பேன்டில் துடைத்துக்கொண்டு மெல்ல வாங்கினான்.

"உங்க வூட்டாண்ட வைங்க" என்றாள், துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டு. "தெனம் மாடம்பாக்கத்துலேர்ந்து இங்க வந்து தண்ணி ஊத்திகினு போக என்னால முடியாது."

காட்டுக் கிழங்குக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. மழை பார்த்துக்கொள்ளும். அது கதிரேசனுக்கும் தெரியும்.

முடிச்சைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு அவன் முகம் காதுவரை சிவந்துவிட்டது.

"தெனம் ரெண்டு கொடம் போதுமாங்க?" என்றான்.