மீனுருண்டை மட்டும்தான்

"பன்றி போடவே இல்லை, ஹஸ்னா மேடம். நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன்," என்றபடி கோ தெக் ஹுவாட் கிண்ணத்தை என் முன்னால் வைத்தார். "மீனுருண்டை மட்டும்தான். தைரியமா சாப்பிடுங்க."

அது உணவங்காடியின் கோடியில் இருக்கும் பன்றிக்கொத்து நூடுல்ஸ் கடையின் கிண்ணம். ஒரே சட்டி, ஒரே கரண்டி, மேலே மினுங்குவதும் பன்றிக்கொழுப்புதான். கறியை மட்டும் எடுத்துவிட்டால் ஹலால் ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார் மனுஷர்.

நல்ல மனசு. நல்ல மனசுக்காரர்களிடம் மாட்டிக்கொள்வதைப் போலக் கஷ்டம் வேறில்லை.

நான்கு கடை தள்ளி ஹலால் பலகை மாட்டிய மீ ரெபுஸ் கடை, எங்கள் மலாய் நூடுல்ஸ் கடை, இருக்கிறது. நான் எழுந்திருப்பதற்குள், என் மகன் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணின் அப்பாவான இவர், "நான்தான் வாங்கித் தருவேன்" என்று போய்விட்டார்.

எங்கள் முகத்தில் விழிக்கவே மாட்டேன் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர். இன்றைக்குத்தான் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வேண்டாம் என்று கிண்ணத்தைத் தள்ளினால் அவர் முகம் சுருங்கும். முகம் சுருங்கினால் கல்யாணம் நின்றுவிடும். சாப்பிட்டால் நான் யார் முகத்தில் விழிப்பது?

என் மகன் ஃபைரூஸ் முன்னாலும் ஒரு கிண்ணம் இருந்தது. இந்தக் கூத்துக்கெல்லாம் காரணமானவன் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் என்னதான் எழுதியிருந்ததோ.

விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை என்பார்கள். எனக்கு இன்னும் வாய்க்குள்ளேயே போகவில்லை, அதற்குள் அந்த நிலைமை.

கரண்டியை எடுத்தேன். ஊதினேன். முக்காட்டைச் சரிசெய்தேன். திரும்ப ஊதினேன்.

"ஆறினா ஒட்டிக்கும் மேடம்," என்றார் அவர். அவருடைய கிண்ணம் பாதி காலி.

வயிற்றுவலி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று நிமிர்ந்தேன். அப்போதுதான் எதிரே இருந்த அவர் மகள் சூ யின்னைக் கவனித்தேன்.

மகளுக்கு மட்டும் அவர் வழக்கம்போலப் பன்றிக்கறியும் ஈரலும் கூடுதலாகப் போட்டு வாங்கி வந்திருந்தார். அவள் குச்சியால் நூடுல்ஸைத் தூக்கினாள். ஊதினாள். திரும்பக் கிண்ணத்திலேயே இறக்கினாள். இன்னொரு முறை தூக்கினாள், ஊதினாள், இறக்கினாள். ஒரு இழைகூட வாய்க்குப் போகவில்லை.

என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

மதம் மாறுவதைப் பற்றியெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றுதான் இரண்டு வீட்டிலும் பேச்சு. அவருக்கும் அதுதான் தெரியும், எனக்கும் அதுதான் தெரியும். ஃபைரூஸைத் திரும்பிப் பார்த்தேன். அவன் இன்னும் மின்விசிறியை விடவில்லை.

அடப்பாவிகளா என்றிருந்தது. இவள் முன்னால் இருப்பதைப் பார்த்தால் என் கிண்ணமெல்லாம் ஒரு கிண்ணமா?

எழுந்தேன். "தப்பு என் மேலதான். முன்னாடியே சொல்லியிருக்கணும். எங்களுக்குச் சட்டி, கரண்டி எல்லாமே தனியா இருக்கணும்."

அவர் காது மடல் வரை சிவந்துவிட்டது. "கறிதான் ஆகாதுன்னு நெனச்சேன்," என்றார் மெதுவாக.

"சூ யின், கூட வாம்மா. தட்டு தூக்க ஆள் வேணும்."

மீ ரெபுஸ் கடை வரிசையில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கலிமா சொல்லி முஸ்லிமாயிட்டேன், மக்சிக். அப்பாகிட்ட இன்னும் சொல்லலை," என்றாள். எங்கள் மலாயில் மக்சிக் என்றால் அத்தை.

திட்டலாமா, கட்டிக்கொள்ளலாமா?

கடைக்காரி எத்தனை என்று கேட்டாள். இரண்டு என்றால் சூ யின் திரும்பிப் போய் அந்தக் கிண்ணத்தின் முன்னால் உட்கார வேண்டும். மூன்று என்றால் அவள் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அதைச் சொல்ல நான் யார்? அவள் பக்கம் திரும்பினேன்.

"மூணு," என்றாள் சூ யின். குரல் எழும்பவில்லை. கடைக்காரி காதைக் கொடுத்தாள். இவள் திரும்பவும் சொன்னாள்.

ஹலால் கடைகளுக்கென்று இருக்கும் பச்சைத் தட்டை அவளே தூக்கி வந்தாள். எனக்கு ஒன்று வைத்தாள், ஃபைரூஸுக்கு ஒன்று வைத்தாள். மூன்றாவதைத் தன் இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் புதுக் கிண்ணத்தைப் பார்த்தார். பக்கத்தில், தான் வாங்கி வந்ததைப் பார்த்தார். தொட்டிருக்கவே இல்லை. நூடுல்ஸ் ஒட்டிக் கட்டியாகிவிட்டிருந்தது.

எனக்குத் தெரிந்த துஆக்களையெல்லாம் மனசுக்குள் ஓதினேன். பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள்.

அவர் கையை நீட்டினார். மகளுக்கு வாங்கிய கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கட்டியைக் குச்சியால் உடைத்து, தலை குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். ஏற்கெனவே தன் கிண்ணத்தை முடித்திருந்தவர், ஈரல் துண்டு ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

குச்சியைக் கிண்ணத்தின் மேல் படுக்க வைத்த பிறகும் நிமிரவில்லை.

"சம்பந்தியம்மா," என்றார். "அவளுக்குக் காரம் ஆகாது. இனிமே வாங்கும்போது பச்சை மிளகாய் வேண்டாம்னு சொல்லிடுங்க."