மணமகள் முன்னால் பெசலேல்

பெசலேல் மறுபடியும் கொப்பைக் கீழே போட்டார்.

ஷிஃப்ரா தலையில் கைவைத்துக்கொண்டாள். எழுபதை நெருங்கும் வயதில் இந்த மனுஷனுக்கு இது தேவையா?

வரும்போதே பேருந்தில் படித்துப் படித்துச் சொன்னாள். வாழ்த்த வேண்டியது, மீனைச் சாப்பிட வேண்டியது, வீட்டைப் பார்த்துக் கிளம்ப வேண்டியது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கோட்டுக் கைக்குள் மூன்று மிருதுச்செடிக் கொப்புகளை ஒளித்துக்கொண்டு வந்திருப்பார் என்று யார் கண்டது?

மணமகள் தெஹிலா மாப்பிள்ளையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இளவட்டங்கள் அவர்கள் முன்னால் ஆடி ஓய்ந்து ஒதுங்கிவிட்டார்கள். இவர் மட்டும் விடவில்லை. கொப்புகளை மாற்றி மாற்றி மேலே எறிந்து, பிடித்தும் பிடிக்காமலும் குதித்துக்கொண்டிருந்தார். தாளமாவது ஒன்றாவது.

கேட்டால் யூத மறைநூலான தல்மூதை இழுப்பார். அதில் ஒரு கிழ ஞானி மணமகள் முன்னால் இப்படித்தான் கொப்பு வீசி ஆடினாராம். அந்த ஞானிக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகவில்லை என்று சொல்லிச் சொல்லி ஷிஃப்ராவுக்கும் வாய் வலித்துப் போனது.

மாப்பிள்ளையின் சித்தி அவள் பக்கம் சாய்ந்தாள். "யாருங்க அந்தப் பெரியவர்? பொண்ணோட அப்பாவா?"

"இல்ல. என் தலைவிதி."

அதற்குள் கொப்பு விழுந்தது. எடுக்கக் குனிந்த பெசலேல் நிமிர முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாட்டு நின்றது.

ஷிஃப்ரா போய் அவரைத் தூக்கி நிறுத்தினாள்.

"போதும், வாங்க. மானம் போகுது."

"அவ மூஞ்சியப் பாரு," என்றார் அவர், மூச்சிரைக்க.

ஷிஃப்ரா பார்த்தாள். தெஹிலாவின் முகத்தில் சிரிப்பு அணைந்திருந்தது. மண்டபத்தில் வேறு யாரையும் அவள் பார்க்கவில்லை. இவர்கள் இருவரையும்தான் பார்த்தாள், ஏதோ தப்பு செய்துவிட்டு நிற்பவளைப் போல. கண் நிறைந்திருந்தது.

ஷிஃப்ராவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்டி அழுவுற? எங்க பையன் உசுரோட இருந்தப்ப, அவன் பக்கத்துல நீ இப்படி மணப்பொண்ணா உக்காந்திருந்தியே, அன்னைக்கும் இந்த மனுஷன் இப்படித்தான் கீழ போட்டாரு."

குனிந்து கொப்புகளைப் பொறுக்கினாள். இரண்டைக் கணவர் கையில் திணித்தாள். ஒன்றைத் தானே வைத்துக்கொண்டாள்.

"தள்ளி நில்லுங்க," என்றாள். "எனக்கும் இடம் வேணும்."