ஆமாம் என்று சொல்ல

"பிரார்த்தனை முடிச்சாதான் சாப்பாடு" என்று மெக்கானிக் கறாராகச் சொன்னான். நாலு வயது மகன் சிணுங்கினான். சின்னவள் அப்பாவின் மடியிலேயே தூங்கி வழிந்தாள். அவன் விடவில்லை. மறந்த இடத்திலெல்லாம் வரி எடுத்துக் கொடுத்தான்.

உதவிக்கு வந்திருந்த அக்கா வாயைப் பிளந்தாள். "சாமியே இல்லைன்னு ஊரெல்லாம் சண்டை போட்டவனாச்சே நீ! எப்படா மாறினே?"

"மாறலக்கா. இப்பவும் எனக்கு நம்பிக்கை இல்லை."

"அப்புறம் எதுக்குடா இந்தப் பாடு?"

"ஆஸ்பத்திரியில படுத்திருக்காளே இவங்கம்மா, அவ நம்புறா. அவகிட்டயே வரி வரியா கேட்டு மனப்பாடம் பண்ணினேன். காலையில ஆபரேஷனுக்குப் போறப்ப, 'பிள்ளைங்க எனக்காக வேண்டிக்கிட்டாங்களா'ன்னு கேப்பா. ஆமாம்னு நான் சொல்றது பொய்யா இருக்கக் கூடாது."

அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து கைகூப்பினாள்.

அவன் மகளைத் தட்டி எழுப்பினான். "எந்திரி செல்லம். முதல்லேருந்து சொல்லலாம்."